ஸ்மார்ட் போர்டு கேட்பதற்கு முன்னால்: வேலூர் மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு, காட்பாடி என்று நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளியின் குழுவில் நீங்கள் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுத உட்காரும்போது நாம் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வரியைத்தான் எழுதுகிறோம்: ஸ்மார்ட் போர்டு வேண்டும், கம்ப்யூட்டர் வேண்டும், இன்டர்நெட் வேண்டும். சுற்றுச்சுவருக்கும் கழிப்பறைக்கும் எழுதுகிற அதே வேகத்தில் இதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, செயலியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நான் கேட்பது ஒன்றுதான். எந்தக் கருவியைக் கேட்டாலும் அது எந்த வகுப்புப் பிள்ளைக்கு, எந்தப் பாடத்தில், என்ன குறையைத் தீர்க்க வருகிறது, அந்தக் குறை தீர்ந்ததா என்று எப்போது யார் பார்ப்பது என்பதையும் அந்தத் திட்டத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால் அந்தக் கருவியை இந்த வருஷம் கேட்க வேண்டாம்.

இதையெல்லாம் கேட்க நமக்கு உரிமை இருக்கிறதா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில்தான் இந்தக் குழுவே பிறந்தது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அடுத்த பிரிவு, 22, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை நம் கையில் கொடுக்கிறது. பீடி சுற்றுகிற வேலையை அப்படியே வைத்துவிட்டும், ஷூ கம்பெனி ஷிப்ட் முடித்து ஓடிவந்தும் கூட்டத்தில் உட்காருகிற அக்காக்கள், "கம்ப்யூட்டரைப் பத்தி எங்களுக்கு என்னா தெரியும்" என்று பேசாமல் இருந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கம்ப்யூட்டர் தெரியவே வேண்டாம் அக்கா. உங்கள் பிள்ளை தமிழ்ப் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறதா, கடைக்கு அனுப்பினால் மீதிக் காசைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறதா என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா, அந்த இடத்திலிருந்துதான் கேள்வியை ஆரம்பிக்க வேண்டும்.

அரசு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்ல முடியாது. 2011-இல் இலவச லேப்டாப் வந்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருந்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2022-இல் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிற எண்ணும் எழுத்தும் திட்டம், 2023-இல் பாடங்களைக் காணொளியாகக் காட்டுகிற மணற்கேணி செயலி, இவற்றோடு பெரிய பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையில் டேப்லெட். இதில் பலதும் நல்லவை. மணற்கேணியில் சில காணொளிகளை என் மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், புத்தகத்தில் அசையாமல் கிடக்கிற படம் அங்கே நகர்கிறது, புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்க்க முடிகிறது. ஆனால் இத்தனையையும் கணக்குப் பார்க்கும்போது எத்தனை பள்ளிக்குப் போனது, எத்தனை பேர் செயலியைத் திறந்தார்கள் என்பதுதான் முன்னால் வந்து நிற்கிறது. பிள்ளை என்ன கற்றது என்பது கடைசியில்தான் வருகிறது, பல சமயம் வருவதே இல்லை.

எங்கள் பள்ளியில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் அறையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பின்னக் கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. முதல் விடையை அழுத்தினாள், சிவப்பு வந்தது. இரண்டாவது, அதுவும் சிவப்பு. மூன்றாவது பச்சை, உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். பத்துக் கேள்வியும் சீக்கிரமே முடிந்தது, திரை அவளைப் பாராட்டியது. அப்புறம் நான் ஒரு தாளைக் கொடுத்து, "முக்கால் பெரிசா, மூணுல ரெண்டு பெரிசாம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுலயும் ஒரு துண்டுதானே கொறையுது" என்றாள். எவ்வளவு நல்ல பதில் பாருங்கள். தப்பான பதில்தான், ஆனால் அவள் எங்கே நிற்கிறாள் என்பது அதில் முழுசாகத் தெரிகிறது. குறைகிற துண்டுகளை அவள் எண்ணுகிறாள், அந்தத் துண்டின் அளவைப் பார்க்கவில்லை. ஒன்று கால் பங்கு, இன்னொன்று மூன்றில் ஒரு பங்கு என்று வரைந்து காட்டினால் அடுத்த நிமிஷமே பிடித்துக்கொள்வாள். ஓர் ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டிய தகவல் இதுதான். திரை சொன்னதோ அவள் தேறிவிட்டாள் என்று. வகுப்பு முழுக்க இப்படி அழுத்தி அழுத்தித் தேறியிருந்தால், மேலே போகிற அறிக்கை எதைக் காட்டும்?

கருவியைக் கொடுத்தால் மட்டும் படிப்பு வந்துவிடாது என்பது உலகத்தில் பல இடங்களில் செலவு செய்து பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். தென்னமெரிக்காவில் பெரு நாடு, குழந்தைக்கு ஒரு லேப்டாப் என்ற திட்டத்தில் கிராமத்துப் பள்ளிகளுக்கெல்லாம் லேப்டாப் கொடுத்தது. 319 பள்ளிகளை எடுத்துச் செய்த ஆய்வின் முடிவு 2012-இல் வெளிவந்தது: கணக்கிலும் மொழிப் பாடத்திலும் முன்னேற்றம் எதையும் காண முடியவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. டெல்லியில் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் முடிந்த பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், நாலரை மாதத்திலேயே கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. காரணத்தை நாம் கவனிக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் இருக்கிற பிள்ளையின் கணக்கு உண்மையில் மூன்றாம் வகுப்பு அளவில் நின்றால், மென்பொருள் அந்த மூன்றாம் வகுப்பு இடத்திலிருந்தே ஆரம்பித்தது. 45 நிமிஷம் திரை என்றால், இன்னொரு 45 நிமிஷம் சின்னக் குழுவாக உட்காரவைத்து ஆள் சொல்லிக்கொடுத்தார்கள். பெருவில் கருவி போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். டெல்லியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்தார்கள். நம் திட்டத்தில் எழுத வேண்டியது டெல்லி செய்தது.

பராமரிப்பு பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பாதிப் பள்ளிகளில் கதை அங்கேதான் முடிகிறது. எங்கள் பள்ளியில் போர்டு கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, அப்புறம் கரண்ட் போகும்போதெல்லாம் அணைந்து போக ஆரம்பித்தது. இன்வெர்ட்டர் பேட்டரியைத் திறந்து பார்த்தால் டிஸ்டில்டு வாட்டர் சுத்தமாக வற்றியிருந்தது. வேலூர் வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிய அறையில் அந்தப் பேட்டரி கிடந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது யார் வேலை? மாட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் வேலை இல்லை என்றார்கள், பள்ளியில் அப்படி ஒரு ஆளே இல்லை. புது பேட்டரிக்கு 15,000 ரூபாய் கேட்டார்கள். நூறிலிருந்து இருநூற்றைம்பது பிள்ளைகள் வரை படிக்கிற பள்ளிக்கு, மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷா விதிப்படி வருஷ மானியமே 50,000 ரூபாய்தான், அதில்தான் சாக்பீஸ் முதல் துடைப்பம் வரை எல்லாம். அதனால் போர்டு கேட்கும்போதே, மாதம் ஒரு முறை பேட்டரியைத் திறந்து பார்ப்பது இன்னார், பழுதானால் பணம் இன்ன தலைப்பிலிருந்து, புகார் இன்ன இடத்துக்கு என்று சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, மத்தியான வெளிச்சம் நேராகப் போர்டில் விழுந்து கடைசி வரிசைக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது. பெற்றோர் ஒருவர் லுங்கித் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்துக் கொண்டுவந்து ஜன்னலுக்கு மாட்டினார், சரியாகிவிட்டது. இந்த மாதிரி விஷயம் எந்தச் சுற்றறிக்கையிலும் வராது, நாம்தான் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மாவட்டம் முழுக்க ஒரே திட்டம் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மாதிரி மலைக் கிராமத்துப் பள்ளிக்கு இன்டர்நெட் இல்லாமலே ஓடுகிற, முன்கூட்டியே பதிவிறக்கி வைத்த பாடம்தான் உதவும். பேரணாம்பட்டில் உருது வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்க் காணொளியைப் போட்டால் அறிவியலோடு சேர்த்து மொழியையும் தாண்ட வேண்டியிருக்கும். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால், வீட்டுப்பாடத்தைப் போனில் அனுப்பும் திட்டம் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்திவிடும். யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை இதே நோக்கில்தான் கேட்கச் சொல்கிறது: இந்தத் தொழில்நுட்பம் இந்த இடத்துக்குப் பொருத்தமானதா, எல்லாப் பிள்ளைக்கும் எட்டுமா, விரிவாக்க முடியுமா, நீடித்து நிற்குமா.

ஆசிரியர்களை இதில் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள், இதை மன்றாடிக் கேட்கிறேன். வருகைப் பதிவு, பள்ளி விவரங்களை ஏற்றுகிற எமிஸ் இணையதளம், மதிப்பீட்டுப் பதிவு, பயிற்சி என்று அவர்கள் போனிலேயே கொஞ்சமா வேலை செய்கிறார்கள்? நாமும் ஒரு படிவத்தை நீட்டினால் கடுப்புதான் மிஞ்சும். பதிவேட்டைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போர்டுக்குப் பக்கத்தில் தொங்கட்டும், வகுப்புத் தலைவர் தேதி, பாடம், ஓடியதா இல்லையா என்று ஒரு வரி எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு சின்னச் சோதனை போதும். கருவியைப் பயன்படுத்தத் தொடங்கும் முன் அந்தப் பாடத்தில் பத்துக் கேள்வியைத் தாளில் கேட்டு, சில பிள்ளைகளிடம் "எப்படிப் போட்டே, சொல்லு" என்று வாயாலும் கேட்டு எடுத்து வையுங்கள். பருவ முடிவில் அதே கடினத்தில் வேறு பத்துக் கேள்வி. இரண்டு பிரிவு இருக்கிற பள்ளி என்றால் ஒரு பிரிவுக்கு மட்டும் முதல் பருவத்தில் கருவி, மற்றதற்கு அடுத்த பருவத்தில் என்று வைத்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். மொத்த சராசரியை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டாம், முதல் சோதனையில் கடைசியில் இருந்த பிள்ளைகள் நகர்ந்தார்களா என்று தனியாகப் பாருங்கள், ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளை கருவி இல்லாமலும் படித்துவிடும். மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டவோ ஆசிரியரைக் கேள்வி கேட்கவோ பயன்படுத்தக் கூடாது என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். யாராவது இலவசச் செயலி என்று கொண்டுவந்தால், நம் பிள்ளைகளின் பெயரும் போட்டோவும் எங்கே போகிறது என்று கேட்காமல் உள்ளே விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் பள்ளிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"நம் பள்ளிக்குக் கேட்கப்படும் ஒவ்வொரு கணினி, திரை, செயலிக்கும் அது எந்த வகுப்பின் எந்தக் கற்றல் குறைக்காக என்பதும், அதைப் பராமரிப்பவர் யார், செலவு எதிலிருந்து என்பதும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதப்படும். பயன்பாட்டுக்கு முன்னும் பருவ முடிவிலும் தாளில் சோதனை நடத்தி, அதன் முடிவைக் குழுக் கூட்டத்தில் பேசுவோம். இரண்டு பருவம் பார்த்தும் பலன் தெரியாவிட்டால், பயன்படுத்தும் முறையை மாற்றுவோம் அல்லது கருவியை நிறுத்துவோம். புகார் தெரிவித்த பழுது 15 நாளில் சரிசெய்யப்பட வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலரைக் கேட்டுக்கொள்கிறோம்."

ஒரு பள்ளி கேட்டால் கோப்பில் போய்விடும், பத்துப் பள்ளி இதே வரியை அனுப்பினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நிறைவேற்றிய பள்ளிகள் எங்களுக்கும் சொல்லுங்கள், சோதனைக்கான கேள்வித்தாளைச் சேர்ந்தே தயாரிக்கலாம்.

இப்படிக்கு,
குடியாத்தம் வட்டத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழு உறுப்பினர்