ரோடு போடுவதற்கு முன் சுரண்டுங்கள்: நகரங்களுக்கு விதி எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் ரோடு போட்டார்கள். விளக்குப் போட்ட வண்டி, ரோலர் சத்தம், தார் வாடை எல்லாம் ஜன்னல் வழியாக வந்தது. காலையில் கதவைத் திறந்தால், வாசலில் பாக்கியிருந்த கடைசி அரைப் படியும் தாருக்குள் போயிருந்தது. 1988ல் என் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது தெருவில் இருந்து நான்கு படி ஏறித்தான் உள்ளே வர வேண்டும். இப்போது எங்கள் ஹாலைவிடத் தெரு ஒரு அங்குலம் உயரம்.

இந்த விஷயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பழைய தெரு ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் பின்கதையை நீட்டவில்லை, கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேல் புது ரோடு போடக் கூடாது என்பதைச் சட்டப்படியான விதியாக எழுதுங்கள். சுற்றறிக்கையாக வேண்டாம், மீறினால் பில் பாஸ் ஆகாது என்கிற விதியாக எழுதுங்கள்.

அன்று ராத்திரி நான் சும்மா படுத்துக்கிடக்கவில்லை. வெளியே போய் வேலையை நடத்திக்கொண்டிருந்தவரிடம், "சுரண்டிட்டுப் போடுங்க சார், வீட்டுக்குள்ள தண்ணி வருது" என்று கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "எஸ்டிமேட்ல மில்லிங் இல்ல சார், நாங்க என்ன பண்றது" என்றார். மில்லிங் என்றால் மெஷினால் பழைய ரோட்டைச் சுரண்டி எடுப்பது. மறுநாள் உள்ளூர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் நல்ல மனிதர்தான், உட்கார வைத்துப் பேசினார். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். "ஆனா உங்க தெருவுக்குள்ள அந்த மெஷின் வராது சார்" என்றார். ஜல்லி ஏற்றிய லாரியும் ரோலரும் வந்த தெருவுக்குள் சுரண்டும் மெஷின் மட்டும் ஏன் வராது என்று கேட்டேன். பதில் வரவில்லை. பெரிய மெஷின் வராத சந்துக்குள் சின்ன மெஷின் வரும், அதுவும் இல்லை என்றால் ஜேசிபி வைத்துப் பெயர்த்துவிட்டுப் போடலாம். தண்ணீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் அதே தெருவை எத்தனை முறை பெயர்த்திருக்கிறார்கள் என்பதைத் தெருவில் இருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இதில் என் அம்மாவைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அவருக்கு 79 வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டது, வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். முந்தைய தடவை ரோடு உயர்ந்தபோது மழைக்குத் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் வாசற்படியின் குறுக்கே செங்கல் வைத்து ஓர் அடி உயரத்துக்குக் கட்டை கட்டினோம். தண்ணீர் ஓரளவு நின்றது, கூடவே அம்மாவும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டார். வாக்கரை அந்தக் கட்டைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டு, ஒரு கையால் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட அவரால் முடியவில்லை. முதல் முறை முயன்றபோது பாதி தாண்டிய நிலையில், கட்டையின் மேல் உட்கார்ந்த மாதிரி மாட்டிக்கொண்டார். எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து தூக்கிவிட்டான். அதற்கு அப்புறம் அவர் தனியாக வாசலைத் தாண்டியதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் நானும் என் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவருகிறோம்.

முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் அம்மா திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டுவார். போகிற வருகிறவர்கள் எல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அந்தத் திண்ணை இப்போது கிட்டத்தட்ட ரோட்டு மட்டத்துக்கு இறங்கிவிட்டது, பைக் சக்கரம் அதன் விளிம்பை உரசிக்கொண்டு போகிறது. விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்கும் இடமில்லை, தெளித்த தண்ணீர் உள்ளே திரும்பி வருகிறது. எந்தச் சட்டத்தின் கீழ் இதற்கு நஷ்டஈடு கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. ஒரு மனுஷியின் உலகத்தை ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையுமாக ஆக்கியது நோய் மட்டும் இல்லை, அந்த ரோடும்தான்.

மழை பெய்தால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் இருந்து வருகிற தண்ணீரைக் கட்டை தடுத்துவிடுகிறது. ஆனால் பாத்ரூம் தரையில் இருக்கிற ஓட்டை வழியாகச் சாக்கடை மேலே வருகிறது. ரோடு உயர உயர மேன்ஹோல் மூடியையும் செங்கல் வைத்து உயர்த்திவிடுகிறார்கள், அதனால் சாக்கடை நிரம்பினால் தெருவில் வழியாமல் தாழ்ந்த வீட்டைத் தேடி உள்ளே வருகிறது. கீழ்த்தொட்டித் தண்ணீரில் அது கலந்துவிட்டால் ஒரு வாரம் கேன் தண்ணீர்தான். எங்கள் பீரோ நான்கு செங்கல்லின் மேல் நிற்கிறது, அரிசி டிரம் ஸ்டூலின் மேல். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நாங்கள் முறை வைத்துத்தான் தூங்குகிறோம்.

சரி, இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் வந்த 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்துக்கு 2023ல் விதிகள் வந்தன. இவற்றில் எனக்குப் புரிந்தவரை படித்துப் பார்த்தேன். வீடு கட்டுகிறவன் முன்பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும், பக்கவாட்டில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம், எத்தனை அடி ரோட்டுக்கு எத்தனை மாடி என்று எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. மீறினால் நோட்டீஸ் வரும், பூட்டி சீல் வைக்கும் அதிகாரமும் இருக்கிறது. பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது. என் அப்பா அதற்கு மேலேயே வைத்துக் கட்டினார். அந்த ஒன்றரை அடி விதியை நாங்கள் மீறவே இல்லை, ரோடு போட்டுப் போட்டு எங்களை மீற வைத்திருக்கிறீர்கள். வீடு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு அளவு இருக்கும்போது, அந்த வீட்டின் முன்னால் இருக்கிற தெரு எந்த உயரத்தைத் தாண்டக் கூடாது என்பதற்கு ஏன் அளவு இல்லை?

இதன் விளைவை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் இன்றைய ரோட்டைப் பார்த்து, இனி ஏறப்போவதையும் மனதில் வைத்து, மூன்றரை அடி நான்கு அடிக்கு பேஸ்மட்டம் போடுகிறார்கள். வண்டி ஏறுவதற்குச் சாய்தளம் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு வருகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, எங்கள் நிலைமையைப் பார்த்துத்தான் அப்படிக் கட்டுகிறார்கள். இரண்டு உயரமான வீட்டுக்கு நடுவில் எங்கள் வீடு குழிக்குள் கிடக்கிறது, அவர்கள் வாசலில் விழுகிற தண்ணீரும் எங்களுக்குத்தான் வருகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் வெளிமாநிலத்தில் இருந்து வந்த ஆட்களை வைத்து, ஜாக்கி போட்டு வீட்டையே மூன்றடி தூக்கினார். அதற்குப் பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த நகையை அடகு வைத்தார். பழைய சுவர் என்பதால் எங்கள் வீட்டைத் தூக்க முடியாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

பழையதைச் சுரண்டிவிட்டுப் போடுவது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்களே, ரோட்டு மட்டத்தை உயர்த்தக் கூடாது, வீடுகளுக்குள் தண்ணீர் போகிறது, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று துறைகளுக்கு எழுதினார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் அதைக் கைப்பேசியில் அனுப்பாத ஆள் இல்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், "யாரோ வீட்டுல பட்டிருக்காங்க, அதான் எழுதியிருக்காங்க" என்றார். பெரிய பஸ் ரோடுகளில் சில இடங்களில் சுரண்டிப் போட்டதை நானே பார்த்தேன். உட்புறத் தெருக்களுக்கு அது வந்து சேரவில்லை. சுரண்டி எடுத்த தாரும் ஜல்லியும் வீணாகப் போவதில்லை, சூடாக்கிக் கலந்து மறுபடி ரோட்டுக்கே போடலாம், அதற்கான முறைகளை இந்திய சாலைப் பேராயம் வகுத்திருக்கிறது. செலவு கூடும் என்று சொல்வீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செலவை நீங்கள் செய்யாதபோது அது இல்லாமல் போய்விடவில்லை, கட்டை கட்டியும் மோட்டார் வைத்தும் நகையை அடகு வைத்தும் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

சுற்றறிக்கை ஏன் போதவில்லை என்றால், அது எஸ்டிமேட் போடுகிறவரையும் பில் பாஸ் செய்கிறவரையும் கட்டுப்படுத்தவில்லை. செய்த வேலையின் அளவைக் குறிக்கிற எம்-புக்கில் நீளம், அகலம், கனம் எழுதுகிறார்கள். வேலைக்கு முன் ரோட்டு மட்டம் என்ன, வேலைக்குப் பின் என்ன என்று ஒரு வரி எழுதினால் போதும். முன்பு இருந்ததைவிடப் பின்னால் உயர்ந்திருந்தால் பணம் கிடையாது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மட்டம் நிர்ணயித்து, தெரு முனையில் ஒரு கல் நட்டு, அதில் அந்த மட்டத்தை ஒரு கோடாகக் கீறிவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்கூட அதைப் பார்த்து, கோட்டுக்கு மேல் ரோடு போகிறது என்று கையைக் காட்டிக் கேட்பார். சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் 2027ல் இருந்து 2046 வரைக்கும் என்று பேசுகிறீர்கள். இருபது வருஷத்துக்கு ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று வரைகிறவர்களால் ஒரு தெருவின் உயரத்தை இருபது வருஷத்துக்கு மாறாமல் வைத்திருக்க முடியாதா?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. நகரமைப்பும் சாலையும் உள்ளாட்சியின் வேலை, மக்களுக்கு அதில் குரல் உண்டு என்று படித்தபோது நான் சந்தோஷப்பட்டவன். 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று, அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபைக் கூட்டங்கள் ஆரம்பித்தபோதும் நம்பிக்கையோடுதான் போனேன். அதற்கு அப்புறம் நடந்த ஒரு கூட்டத்தில் எழுந்து இந்த ரோட்டு மட்டத்தைப் பற்றித்தான் பேசினேன், குறித்துக்கொண்டார்கள். குறித்த நோட்டு எங்கே போயிற்றோ, ராத்திரியோடு ராத்திரியாக ரோடு வந்துவிட்டது. ஏரியிலும் சதுப்பு நிலத்திலும் கட்டடம் எழும்பும்போது மெதுவாக நடக்கிற அரசாங்கம், 2015 வெள்ளத்துக்குப் பின்னாலும் அதே வேகத்தில் நடக்கிற அரசாங்கம், சின்ன மனைக்காரன் ஓர் அடி கூட்டிக் கட்டினால் மட்டும் ஓடி வருகிறது. எங்கள் ஊரில் வரி பாக்கி என்றால் குழாய் இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஆட்டோ வருகிறது. நாங்கள் ஒரு வருஷம்கூடப் பாக்கி வைத்ததில்லை.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களில் பலர் இரவு பகலாக மழையில் நின்று வேலை செய்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். 2021 நவம்பர் மழையின்போது தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மோட்டார் போட்ட ஊழியர்களுக்கு நாங்கள்தான் டீ கொடுத்தோம். தண்ணீர் வந்தபின் இறைப்பதற்கு நீங்கள் படும் பாட்டில் பாதி போதும், அது வராமல் இருக்க விதி எழுதுவதற்கு.

அதனால் மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ரோடு போடுவதற்கு முன் சுரண்ட வேண்டும் என்பதை விதியாக்குங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் மட்டம் நிர்ணயித்து அதைத் தெருவிலேயே குறித்து வையுங்கள். ஏற்கெனவே தாழ்ந்துபோன வீடுகள் இருக்கிற தெருக்களில் அடுத்த முறை ரோட்டை இறக்கிப் போடுங்கள். சுற்றறிக்கையைக் காட்டி உள்ளூரில் கேட்டால் எஸ்டிமேட்டில் இல்லை என்கிறார்கள், எஸ்டிமேட்டில் அது வருவதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும்.

அடுத்து எங்கள் பின்தெருவுக்கு ரோடு போடப் போகிறார்கள், அளவெடுத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கே வாசலில் இன்னும் இரண்டு படி மிச்சமிருக்கிற வீடுகள் ஒன்பது. ஜல்லி லாரி வருவதற்கு முன்னால் உங்கள் உத்தரவு வந்து சேர வேண்டும். தயவுசெய்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வரி பாக்கியில்லாத ஒரு வீட்டுக்காரன்