ஞாயிறு கூட்டத்துக்கு முன்: கேட்ஜெட்-4 தயாரிப்பு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறன்று அண்டவியல் உருவகப்படுத்தலுக்கான (அதாவது, பேரண்டம் உருவாகி வளர்ந்த விதத்தைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதற்கான) கேட்ஜெட்-4 மென்பொருளை நாம் இயக்கிப் பார்க்கவிருப்பதால், மூல நிரலையும் அதற்குத் தேவையான எம்பிஐ (MPI), ஜிஎஸ்எல் (GSL), எஃப்எஃப்டிடபிள்யூ (FFTW), எச்டிஎஃப்5 (HDF5) ஆகிய நிரல் நூலகங்களையும் முன்கூட்டியே நிறுவி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஜெர்மானிய வானியற்பியலாளர் வோல்கர் ஸ்பிரிங்கெல் எழுதிய இந்நிரலின் முந்தைய வடிவம் ஒன்றில்தான், 2005-இல் வெளியான மில்லேனியம் உருவகப்படுத்தல், ஜெர்மனியின் கார்ஷிங் நகரில் 512 செயலிகளில், சுமார் ஆயிரம் கோடித் துகள்களோடு (அண்டத்தின் பொருண்மையைக் குறிக்கும் கணக்கீட்டுப் புள்ளிகள்) ஏறக்குறைய ஒரு மாதம் ஓடியது. ஒவ்வொரு துகளின் மீதும் மற்ற அனைத்தின் ஈர்ப்பையும் தனித்தனியே கூட்டினால் எந்த மீக்கணினியும் தாங்காது. ஆகவே தொலைவிலுள்ள துகள்களைக் கூட்டமாகத் திரட்டி ஒரே பொருளாகக் கொள்ளும் மரமுறை கையாளப்படுகிறது. நமது பேச்சின் பெரும்பகுதி இதைப் பற்றியே இருக்கும்.

நிரலுடன் வரும் எடுத்துக்காட்டுகளில் 128-இன் முப்படி, அதாவது சுமார் 21 லட்சம் துகள்கள் கொண்டதை எடுத்துக்கொள்வோம்; மடிக்கணினிக்கு அதுவே போதும். கான்ஃபிக் கோப்பில் (நிரலின் எந்த வசதிகள் வேண்டும் என்று குறிப்பது) ஒரு வரியை மாற்றினாலும் நிரலை மறுபடி தொகுக்க (compile) வேண்டும், ஓடும்போது படிக்கப்படும் அளவுருக் கோப்பை மாற்றினால் வேண்டியதில்லை. (சென்ற முறை இதை மறந்து நான் அரை மணி நேரம் திணறியதைக் கண்டவர்கள் பொறுத்தருள்க.) தொகுப்பில் பிழை வந்தால், அதன் முழு வாசகத்தையும் சனிக்கிழமைக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.