எங்கள் புட்போல் சேருக்குப் பொன்னாடை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் படிப்பித்து, பின்னேரங்களில் உதைபந்தாட்டமும் பழக்கிவந்த எங்கள் சேர் 60 வயதாகி இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரிடம் படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும்.

பிரியாவிடை விழாவுக்கு ஏற்பாடு நடக்கிறது. பொன்னாடை, மாலை, வாழ்த்துமடல், பெரியவர்களின் பேச்சு எல்லாம் இருக்குமாம். சரி, நல்ல விஷயம்தான், நானும் காசு கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் போன பிறகு ஜனவரியில் பாடசாலை தொடங்கும்போது பின்னேரம் பிள்ளைகளை யார் மைதானத்தில் இறக்குவது என்று இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மைதானம் என்று நாங்கள் சொல்வது முன்பு தொழிலாளர்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்துவிட்ட பழைய பிரட்டுக்களத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலம். மூன்று பக்கமும் தேயிலை, மற்றப் பக்கம் சரிவு. அந்தப் பக்கம் அடித்தால் பந்து கானில் (வடிகாலில்) விழுந்து, கீழே இருக்கும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல் வரை போய்விடும், அடித்தவனே இறங்கிப்போய் எடுத்துவர வேண்டும் என்பது சேரின் சட்டம். மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை புல் காயாது, போட்ட சுண்ணாம்புக் கோடு ஆட்டம் முடியும்வரை நிற்காது. அந்த நாட்களில் பயிற்சி முடிந்ததும் எங்களைப் படிக்கட்டில் உட்கார வைத்து, காற்சட்டைப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து, குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்து, ஒட்டிக்கொண்ட இரத்தம் குடிக்கும் அட்டைகளை எடுப்பார். பெருவிரல் இடுக்கு வரை பார்ப்பார். ஒரு பிள்ளையையும் இரத்தக் காலோடு லயத்துக்கு அனுப்பியதில்லை.

கணித வகுப்பிலும் பந்து வரும். கோல் கம்பங்களுக்கு இடையில் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர் என்று கரும்பலகையில் வரைந்து, கீப்பர் கோட்டிலேயே நின்றால் அடிப்பவனுக்கு எவ்வளவு இடம் தெரியும், நாலு எட்டு முன்னால் வந்தால் எவ்வளவு குறையும் என்று கோணத்தை எங்களையே அளக்கச் சொல்வார். கோணமானியைக் கண்டாலே பயந்தவர்கள்கூட அன்றைக்குப் போட்டி போட்டு அளந்தோம்.

இதையெல்லாம் விடப் பெரிய வேலை ஒன்றைச் செய்தார். எங்கள் பக்கம் ஒன்பதாம், பத்தாம் வகுப்போடு பையன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுவார்கள். தீபாவளிக்குப் புது உடுப்போடு வருவான் ஒருவன், அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கிளம்புவார்கள். சேர் விடமாட்டார். காலையில் வகுப்பில் இல்லாதவன் பின்னேரம் பந்தைத் தொடக்கூடாது என்பார், அதையும் மீறி நின்றுவிட்டால் வீட்டுக்கே தேடிப் போவார். என் அம்மாவைப் பார்க்க, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கே வந்தார். நிறுவை முடியும்வரை பெண்களோடு மழையில் நின்று, "அக்கா, ஓ.எல். வரைக்கும் மட்டும் இவன விடுங்க, அதுக்கப்புறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றார். கடன் இருக்கே சேர் என்று அம்மா சொல்ல, சேர் திரும்பவும் அதையேதான் சொன்னார். நான் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதினேன், உயர்தரமும் எழுதினேன், இன்றைக்கு நானும் ஓர் ஆசிரியன். என்னோடு விளையாடியவர்களில் தாதி இருக்கிறார், தபால் ஊழியர் இருக்கிறார், தோட்டத்திலேயே வேலை செய்துகொண்டு தன் பிள்ளையை இன்றைக்கும் அதே மைதானத்துக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அணி தொடங்கியபோதும் இப்படித்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினார். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்று இன்னமும் சொல்கிற அதிபர்கள் எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் அவர் விளையாட்டு ஆசிரியர் இல்லை, இதற்காக ஒரு சதம்கூடக் கொடுப்பனவு கிடையாது. 2022இல் டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களில் நடந்து வந்தார். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கைக்குத் தடை போட்டு ஓகஸ்டில்தான் நீக்கியது, கொழும்பில் நிர்வாகப் பிரச்சினை ஓடிய அந்த மாதங்களிலும் எங்கள் மைதானத்தில் பயிற்சி நின்றதில்லை. உங்கள் பத்திரிகையிலும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டப்புறப் போட்டிகளில் கிண்ணம் கொடுத்தவரின் படம் வருகிறது, பழக்கியவரின் பெயர் ஒரு வரியில்கூட வருவதில்லை. தயவுசெய்து அதை மாற்றுங்கள்.

மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு ஆசை இல்லை. பெயர்ப்பலகை மட்டும் நிற்க, உள்ளே புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டியது, அவர் போவதற்கு முன்பே வலயக் கல்விப் பணிமனை ஒரு பயிற்றுவிப்பாளரைத் தருவது. புதிதாக வருபவருக்குப் பக்கத்தில் நின்று ஒரு தவணை பழக்கிக் கொடுக்கச் சேர் தயாராக இருக்கிறார், நானே கேட்டுவிட்டேன். அப்புறம் மைதானத்துத் தண்ணீர் வடிய ஒரு கான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் 1970களில் பொறுப்பேற்றது, தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. பாடசாலை ஒருவர் கையில், மைதானம் இன்னொருவர் கையில். அந்தக் கானை வெட்டக்கூடத் தோட்ட மேலாளரான துரையிடம் அனுமதி வாங்க வேண்டும், அவர் மேலே கேட்க வேண்டும் என்பார், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இரண்டு தரப்பும் ஒரு நாள் மைதானத்தில் வந்து நின்று பேசினால் முடிகிற காரியம் இது. மண்வெட்டி பிடிக்கப் பழைய மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.

இவை இரண்டையும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறோம். விழா நாளில் மண்டப வாசலில் மேசை போட்டு வைத்திருப்போம். வருகிறவர்கள் முதலில் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போங்கள். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து வர முடியாதவர்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு இப்போதே சொல்லுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேரிடம் படித்த ஒரு பழைய மாணவன்,
ஹட்டன்.