சுமைதாங்கியை மறுபடி நிறுத்தித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டம் சென்னிமலை ஒன்றியத்தில், நொய்யல் கரையோரச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 31 வருடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றேன். வயது 66. பத்திரிகைக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தலைச்சுமையை இறக்கி வைக்கும் எங்கள் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதன் அருமை எனக்கு விளங்கியது வேறொரு தேசத்தில் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போன வருடம் மகளின் பேறுகாலத்துக்காக ருமேனியாவுக்குப் போய் மூன்று மாதம் இருந்தேன். மாப்பிள்ளைக்கு க்ளூஜ் என்ற நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. பேத்தி பிறந்து அறுபது நாள் கழிந்ததும், "அத்தை, நீங்க தறிக்காரங்க. உங்களுக்குன்னே ஒரு இடம் இருக்கு" என்று சொல்லி, செப்டம்பர் கடைசியில் எங்களை மரமுரேஷ் என்னும் வடகோடிப் பகுதிக்கு அழைத்துப் போனார்.

அங்கே இசா என்று ஒரு ஆறு. ரோட்னா மலையில் பிறந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடி, சிகெத் என்ற ஊரில் டிசா ஆற்றில் சேர்கிறது. அக்கரைக்குப் போனால் உக்ரைன். டிசா போய் டான்யூபில் கலக்க, டான்யூப் கருங்கடலுக்குப் போகிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யல்காரிக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இசாவில் மாரா என்ற சிற்றாறு சேர்கிறது, மாராவில் கொசௌ என்று இன்னொரு ஓடை. ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு பள்ளத்தாக்கு, அதில் வரிசையாக ஊர்கள்.

கொசௌ ஓடைக் கரையில் சர்பி என்ற கிராமத்தில் வண்டியை நிறுத்தினோம். ஓடையில் சிறு தடுப்புக் கட்டி, தண்ணீரை மரவாய்க்காலில் திருப்பியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் மாவு அரைக்கும் கல்லைச் சுற்றுகிறது. இன்னொரு பக்கம் பெரிய மரச்சம்மட்டிகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அதன் அடியில் கம்பளித் துணியை வைத்தால் அடிபட்டு அடிபட்டுக் கெட்டியாகிவிடும். மூன்றாவதாக ஒரு தொட்டி. பலகைகளை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே அகன்று கீழே குறுகும்படி தரைமட்டத்தில் இறக்கியிருக்கிறார்கள். வாய்க்கால் தண்ணீர் அதில் சாய்வாக விழுந்து சுழிக்கிறது. சுழியில் கம்பளிகளைப் போட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். சோப்பு கிடையாது, கரண்ட் கிடையாது. கம்பளி மூழ்குவதும் எழுவதும் சுற்றுவதுமாக நேரம் போகப் போக, நூலில் உள்ள மயிரெல்லாம் பொங்கி ஆட்டுக்குட்டி முதுகு போல ஆகிவிடுகிறது. இதற்கு அவர்கள் சொல்லும் பெயர் வல்த்வாரே. கையை விட்டுப் பார்த்தேன். விரல் விறைத்துவிட்டது. தண்ணீர் அடிக்கல் தெரியுமளவு தெளிவு.

தொட்டிக்கரையில் நீளக் கோலோடு ஒரு பாட்டி நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். பேச்சு புரியவில்லை. ஆனால் மகள் கையில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தார். பேத்தியைச் சென்னிமலைப் போர்வையில்தான் சுற்றியிருந்தோம், நான் ஊரிலிருந்து கொண்டு போனது. பாட்டி குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். அப்புறம் போர்வையின் நுனியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். திருப்பி, போர்வையின் ஓரக் கரையைப் பார்த்தார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. தறி தெரியாதவர்கள் போர்வையின் நடுவில் உள்ள பூவைத்தான் பார்ப்பார்கள். தறியில் உட்கார்ந்தவர்கள்தான் முதலில் கரையைப் பார்ப்பார்கள். ஊடை என்னும் குறுக்கு நூல் ஒழுங்காகத் திரும்பியிருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். நானும் கொடியில் காய்ந்த அவருடைய கம்பளியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் இழை தளரவில்லை. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

அந்தப் பள்ளத்தாக்குகளில் மரக்கோயில்கள் பேர்போனவை. மரமுரேஷில் எட்டு மரத்தேவாலயங்களை 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சர்பிக்குப் பக்கத்தில் புதெஷ்ட் என்ற ஊரில் 1643-ல் கட்டியதைப் பார்த்தோம். பருத்த மரத்தடிகளை மூலையில் வெட்டிக் கோத்த சுவர், செதில் செதிலாக மரச்சில்லு வேய்ந்த செங்குத்தான கூரை, வானத்தைக் குத்துகிற மாதிரி ஒல்லியாக ஒரு கோபுரம். வீடுகளின் முன்னால் ஆளுயரத்துக்கு மேல் ஓக் மரவாசல்கள். முறுக்கிய கயிறும் சூரியனும் மரமும் செதுக்கியிருக்கிறார்கள்.

கோயிலைவிட என் மனதில் நின்றது புல்போர்தான். நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதைச் சுற்றிப் புல்லை அடுக்கி, மழைத்தண்ணீர் வழிந்துவிடும்படி கூம்பாக முடிக்கிறார்கள். மலைச்சரிவு முழுக்க அப்படிப் போர்கள். அங்கே பனிக்காலம் நீளம், மாடும் ஆடும் அத்தனை மாதமும் அதைத்தான் தின்ன வேண்டும். நம் காங்கேயம் பக்கம் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லை விட்டுவைத்து, சோளத்தட்டைப் போர் போட்டுக் கோடையைத் தள்ளுகிறோமே, அதே அக்கறை. அங்கே அவர்கள் பனிக்குச் சேர்க்கிறார்கள், நாம் வெயிலுக்குச் சேர்க்கிறோம். கோடையில் பல வீட்டு ஆடுகளையும் ஒரே மந்தையாக மலைக்கு ஓட்டுவார்களாம். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டு ஆடும் எவ்வளவு பால் தருகிறது என்று எல்லார் முன்னிலையிலும் கறந்து அளந்து, அந்த அளவுப்படி சீஸைப் பங்கு வைப்பார்களாம். சங்கத்தில் கணக்கெழுதியவளுக்கு இது ரொம்பப் பிடித்தது.

மறுநாள் சபின்ட்சா என்ற ஊருக்குப் போனோம். இது இசாக் கரையில் இல்லை, சிகெத்துக்கு மேற்கே. ஊர் நடுவில் ஒரு இடுகாடு. கைக்குழந்தையோடு இடுகாட்டுக்கா என்று நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளைதான், "ஒரு தடவ எட்டிப் பாருங்கத்தை" என்றார். உள்ளே எண்ணூறுக்கும் மேற்பட்ட மரச்சிலுவைகள், எல்லாம் பளிச்சென்று நீலம். அந்த ஊர் மரச்சிற்பி ஸ்தான் யோன் பத்ராஷ் என்பவர் 1935-ல் தொடங்கி, 1977-ல் இறக்கும்வரை செதுக்கியிருக்கிறார். அவருக்குப் பின் அவருடைய சீடர் தொடர்ந்தார். ஒவ்வொரு சிலுவையிலும் இறந்தவர் என்ன வேலை செய்தார் என்று படம். ஆடு மேய்த்தவர், மரம் வெட்டியவர், டிராக்டர் ஓட்டியவர், அடுப்படியில் நின்றவர், நூல் நூற்றவர். கீழே பாட்டு, "நான் இன்னார், இப்படி வாழ்ந்தேன்" என்று செத்தவரே பேசுகிற மாதிரி. தக்களியும் கையுமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நம் ஊரில் ஒரு பொம்பளை இப்படி வேலை செய்த கோலத்தில் எங்கே நிற்கிறாள் என்று யோசித்தேன். அப்போதுதான் சுமைதாங்கி ஞாபகம் வந்தது.

அந்தத் தேசத்தைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பக்கத்து இளவட்டங்கள் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் வேலைக்குப் போய், திரும்பி வந்து கான்கிரீட் வீடு கட்டுகிறார்கள். பழைய மரவீட்டைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். ஆற்றைக் கெடுத்த பாவமும் அங்கே உண்டு. அதே மரமுரேஷ் மாவட்டத்தில், மலைக்கு அந்தப் பக்கம் பையா மாரே நகரத்தருகே, 2000 ஜனவரி 30-ம் தேதி தங்கச் சுரங்கக் கழிவுக் குட்டையின் கரை உடைந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு கலந்த தண்ணீர் சோமேஷ் ஆற்றில் இறங்கி, டிசா வழியாக டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. மாப்பிள்ளை அதைச் சொன்னபோது நான் எங்கள் நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையைச் சொன்னேன்.

எங்கள் அம்மா காலத்தில் தறியிலிருந்து இறங்கிய போர்வையைக் கஞ்சி போக அலச நொய்யல் துறைக்குத்தான் போவார்கள். நானும் பாவாடை கட்டிய வயதில் கூடப் போயிருக்கிறேன். நனைந்த போர்வை என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். சும்மாடு வைத்து, நாலு போர்வையை மூட்டையாக ஏற்றிக்கொண்டால் கழுத்து உள்ளே போய்விடும். துறைக்கும் ஊருக்கும் நடுவில் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருக்கும். தலை உயரம் என்பதால் குனியாமல் மூட்டையை அதன்மேல் தள்ளிவிட்டு நிற்கலாம். மறுபடி ஏற்றிக்கொள்ளவும் இன்னொருத்தர் கை வேண்டாம்.

1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கியது. பருத்தி நூலில் சாயம் பிடிக்க உப்பு போட வேண்டும். நிறத்தை எடுத்துவிட்டாலும் அந்த உப்பு தண்ணீரிலேயே நிற்கும். கிணறுகள் உப்பேறின. விவசாயிகள் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. பிழைப்புப் போன குடும்பங்களையும் எனக்குத் தெரியும், தென்னை போன குடும்பங்களையும் தெரியும். சாயம் போட்ட நூலைத் தொட்டுச் சம்பளம் வாங்கியவள் நான், அந்தக் கணக்கில் எனக்கும் பங்கு உண்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் துறைக்குப் போவது அந்த வருடங்களில்தான் நின்றது. மூட்டை வராததால் சுமைதாங்கியையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுமைதாங்கியை எதற்கு நிறுத்துவார்கள் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் நிறுத்தும் கல் அது. அவளால் இறக்கி வைக்க முடியாத சுமையை ஊரார் அங்கே இறக்கி வைக்கட்டும் என்று. எங்கள் ஊர்க் கல் என் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், அக்காவுக்காக நிறுத்தியது. தலைப்பிள்ளைக்கு எட்டாம் மாதம் போய்ச் சேர்ந்தாராம். படுத்த கல்லின் முகப்பில் பெயர் வெட்டியிருந்தது. நான் பார்க்கும்போதே பாதி தேய்ந்து, கடைசி மூன்று எழுத்துத்தான் விரலுக்குத் தட்டுப்படும். அமுச்சி அந்த வழியே போனால் ஒரு கை மண்ணை எடுத்து அந்த எழுத்தில் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் நகர்வார்.

மகளின் பேறுகாலம் நல்லபடியாக முடிந்து நான் ஊர் திரும்பியபோது, ரோடு அகலப்படுத்தும் வேலையில் அந்தக் கல்லைப் பொக்லைன் வைத்துச் சாய்த்திருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. வேலை செய்தவர்களுக்கு அது வெறும் கல். சொல்வதற்கும் அங்கே ஆளில்லை. நட்ட கல் ஒன்று ஜல்லிக்கடியில் போய்விட்டது. படுத்த கல்லும் மற்றொரு நட்ட கல்லும் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் வேலிமுள்ளுக்குள் கிடக்கின்றன.

எங்கள் ஊரிலிருந்து கொடுமணல் தூரமில்லை. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேர் வாங்கிய ஊர். அங்கே தோண்டி, கல்மணியும் இரும்பு உருக்கிய உலையும் எடுத்திருக்கிறார்கள். நூல் நூற்ற தக்களி வில்லையும் கிடைத்திருக்கிறது. மண்ணுக்கடியில் இருப்பதைத் தோண்டித் தேடுவது நல்ல காரியம். மண்ணுக்கு மேலே இன்னும் நிற்பதை எழுதி வைக்கவும் ஆள் வேண்டும். எங்கள் ஊரில் மட்டும் இன்னும் என்னென்ன நிற்கிறது என்றால், துறையில் நாலு துவைகல், வாய்க்கால் மடையில் ஒரு கல்தூம்பு, பாவு நீட்டிக் கஞ்சி போட்ட பாவடி. பாவடியில் புளியமரம்கூட இருக்கிறது. விடியற்காலையில் தெருவே கூடி, இழை அறாமல் பாவாற்றிய இடம். இப்போது அங்கே மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

சர்பியில் அந்தத் தொட்டி நிற்கிறதென்றால், அந்தப் பாட்டி இன்னும் அதில் கம்பளி போடுகிறார் என்பதால்தான். எங்கள் துறையில் போர்வை அலசும் காலம் என் ஆயுசுக்குள் திரும்புமா, சொல்ல முடியாது. சுமைதாங்கியை நிறுத்துவதற்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

உலக தண்ணீர் தினமான மார்ச் 22-ல் கிராம சபை கூடும். நொய்யல் கரை ஊராட்சிகள் எல்லாவற்றிலும் அன்றைக்கு ஒரே ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்கிறேன். அந்தந்த ஊரில் நிற்கும் சுமைதாங்கி, துறைக்கல், மடை, பாவடி, நடுகல் இவற்றை இடத்தோடும் படத்தோடும் ஊராட்சிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ரோடோ குழாயோ போட வருகிறவர்களிடம் வேலை தொடங்கும் முன்பே அந்தப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். எழுதித் தர எங்கள் ஊருக்கு நான் தயார். கணக்கெழுதிய கைதான்.

எங்கள் சுமைதாங்கியை ரோட்டோரத்தில், புதுத் தாருக்கு ஆறடி தள்ளி நிறுத்தலாம். இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஜல்லிக்கடியில் போன கல்லுக்குப் பதிலாக ஊத்துக்குளி ரோட்டில் ஒரு கல்பட்டறைக்காரர் அதே அளவில் ஒன்று வெட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லுக்கும் கிரேன் வாடகைக்கும் நானும் பங்காளி வீடுகள் இரண்டும் சேர்ந்து பணம் கட்டுகிறோம். ஊராட்சியும் நெடுஞ்சாலைக்காரர்களும் சரி என்று எழுத்தில் கொடுத்தால் போதும். படுத்த கல்லில் மிஞ்சியிருக்கும் மூன்று எழுத்தையும் மண் தேய்த்துத் துடைத்துப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். வெளியிட இடமிருந்தால் அதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கைத்தறிச் சங்க ஊழியர்,
சென்னிமலை ஒன்றியம், ஈரோடு மாவட்டம்.