வயிறு தெரியாத மாதங்களில்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்கு இது தலைப்பிள்ளை, ஒன்பதாவது வாரம். காலையில் செந்தூலில் எல்ஆர்டி ரயில் ஏறினால் மஸ்ஜிட் ஜாமெக் வருவதற்குள் இரண்டு முறை குமட்டிவிடும். யாரோ பையில் வைத்திருக்கும் நாசி லெமாக் சம்பல் வாசமே போதும். கர்ப்பிணிப் படம் போட்ட இருக்கை எதிரேதான் இருக்கிறது. வயிறு தெரியாததால் கேட்கக் கூச்சம். "மூணு மாசம் முடியிற வரைக்கும் மூச்சு விடாதே" என்று அம்மா வேறு சொல்லியிருக்கிறார்.

போன வாரம் கண் இருட்டிக்கொண்டு வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "பசியாறலயாக்கா?" என்று கேட்டான் ஒரு பையன். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்?

ஜப்பானில் 2006 முதல் கர்ப்பிணிகள் பையில் தொங்கவிட ஓர் அடையாளச் சின்னம் உண்டு. இங்கும் கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் பிங்க் பரிசோதனைப் புத்தகத்தோடு அப்படி ஒன்றைக் கொடுக்கலாமே? அம்மாவை அப்புறம் சமாளித்துக்கொள்கிறேன்.

வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்