சுரங்களுக்கு நடுவே உள்ளதையும் கேளுங்கள்: இசைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்நாடக இசைப் போட்டிகளை நடத்தும் சபாப் பொறுப்பாளர்களுக்கும், மதிப்பெண் இடும் நடுவர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் இருபத்தாறு ஆண்டுகளாக வீணை சொல்லிக்கொடுத்து வருகிறேன். சில வாரங்களுக்கு முன் என் மாணவி ஒருத்தி, பன்னிரண்டு வயதுப் பெண், இளையோர் போட்டி ஒன்றில் சங்கராபரண ராகம் வாசித்தாள். மேல் ஷட்ஜத்தை (ச) ஒரே ஒரு முறை மீட்டி, அந்த நாதம் அடங்குவதற்குள், இடையிலுள்ள நிஷாதத்தையும் (நி) தைவதத்தையும் (த) தனியே மீட்டாமல், விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் பஞ்சமத்துக்கு (ப) இறங்கினாள். போட்டி முடிந்தபின் கொடுத்த மதிப்பெண் தாளில், சுரங்களின் துல்லியத்தைப் பார்க்கும் 'சுரசுத்தம்' என்ற கட்டத்துக்கு நேரே, 'பஞ்சமம் நேராக விழவில்லை, வழுக்குகிறது' என்று குறிப்பெழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்கள். பரிசு போனது எங்கள் இருவருக்குமே பெரிய விஷயமில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் அவள், "டீச்சர், இனிமே நி, த ரெண்டையும் தனித்தனியா மீட்டியே இறங்கட்டுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

அவள் செய்தது இறக்க ஜாரு, அதாவது ஒரு சுரத்திலிருந்து கீழ்ச் சுரத்துக்கு நாதம் அறாமல் இழைந்து இறங்குவது. வீணையில் அது பன்னிரண்டாம் மெட்டிலிருந்து (தந்தியின் கீழே பதித்த குறுக்குக் கம்பி) ஏழாம் மெட்டு வரையிலான பயணம். வலக்கை ஒரு முறை மீட்டியதோடு ஓய்ந்துவிடும். பிறகு நடப்பதெல்லாம் இடக்கையின் வேலை. தந்தியின் மீது அழுத்தம் சற்றே தளர்ந்தாலும் நாதம் அறுந்துவிடும், கூடினால் விரல் ஒவ்வொரு மெட்டிலும் இடறி, நிஷாதமும் தைவதமும் படிக்கட்டுகளைப் போலத் தனித்தனியாகக் கேட்டுவிடும். அவை கேட்கவே கூடாது. ஷட்ஜத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எந்தக் கணத்தில் கிளம்புவது, நடுவழியை எவ்வளவு விரைவாகக் கடப்பது, மீதமிருக்கும் கார்வையில் (நீளும் நாதத்தில்) பஞ்சமத்தை எவ்வளவு மென்மையாகத் தொடுவது என்பதெல்லாம் அந்த ஒரு மீட்டுக்குள் அடங்க வேண்டும். இதற்காக அந்தப் பெண் எட்டு மாதங்கள் உழைத்திருக்கிறாள். அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் தந்தி பதிந்து காய்த்துப்போன கோடு ஒன்று இருக்கிறது.

ஜாரு இன்று நேற்று நுழைந்த அலங்காரம் அன்று. எட்டயபுரத்தில் 1904-இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற சுரக்குறிப்பு நூலில், கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ரவை, ஒடுக்கல், ஒரிகை ஆகிய கமகங்களோடு (சுரத்தை அசைத்தும் இழைத்தும் அழகூட்டும் முறைகள்) ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் தனித்தனிக் குறிகள் இருக்கின்றன. முன்னதற்கு மேல்நோக்கிய சாய்கோடு, பின்னதற்குக் கீழ்நோக்கிய சாய்கோடு. சுர எழுத்துகளை மட்டும் அச்சிட்டால் பாட்டின் உயிர் தாளில் தங்காது என்பதை அவர் அறிந்திருந்ததால்தான், அச்சுக்கோப்பதற்கு அத்தனை கடினமான ஒரு முறையைக் கைக்கொண்டார் என்று நான் கருதுகிறேன். அந்தச் சாய்கோடுகூடத் திசையைத்தான் காட்டுகிறது. எப்போது கிளம்ப வேண்டும் என்பதைக் குருவின் அருகே உட்கார்ந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். இன்னும் பின்னே போனால், சிலப்பதிகாரக் கானல்வரியில் மாதவி யாழை எடுக்கும் இடத்தில் வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்று எட்டு இசைக்கரணங்கள் சொல்லப்படுகின்றன. இவற்றுள் எது இன்றைய ஜாருவுக்கு நிகர் என்று நான் வாதிட வரவில்லை. நரம்பை விரல் தொடும் ஒவ்வொரு விதத்துக்கும் பெயர் வைக்கும் அளவுக்கு நுட்பமாகக் கேட்டவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதையே நினைவூட்டுகிறேன்.

நம் கருவிகளும் இந்த நுட்பத்துக்கு ஏற்பவே அமைந்திருக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினை பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கலைஞர் பாலுஸ்வாமி தீட்சிதரின் காலந்தொட்டு நமதாக்கிக்கொண்டோம். நம் கலைஞர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலப் பாதத்தின் மேல் ஊன்றிக்கொள்வது எதற்காக? கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து இடக்கையை விடுவித்தால்தான் அது தந்தியின் நீளம் முழுவதும் தடையின்றி ஏறி இறங்க முடியும். தந்தியின் மேல் உருளைக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை விலக்கி வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள், கட்டைகளுக்கு நடுவே அதனால் இழைந்து செல்ல முடியாது என்பதும் ஒன்று. அந்தத் தடை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் சுரங்களுக்கு நடுவே இருப்பதை இசையாகக் கேட்ட செவிகள் அப்போது அதிகார இடங்களிலும் இருந்தன.

ஜாருவின் பெயரால் எதை வேண்டுமானாலும் இழைத்துப் பாடலாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு சுரங்களுக்கு ஒரு முறை வழுக்குவது, சுருதி சேராத இடத்தை இழுத்து மறைப்பது, மெல்லிசையின் குழைவை அப்படியே ராக ஆலாபனைக்குள் கொண்டுவருவது ஆகிய எல்லாமே பிழைகள்தான். அவற்றுக்கு மதிப்பெண் குறைப்பதை முழு மனதோடு வரவேற்கிறேன். ராகத்துக்குரிய ஜாரு எது, தடுமாற்றம் எது என்று பிரித்தறிவதுதான் நடுவரிடம் நான் எதிர்பார்க்கும் ஞானம். தோடி ராகத்தின் காந்தாரத்தை (க) அசைக்காமல் நிறுத்தினால் சுருதி காட்டும் கைப்பேசிச் செயலியின் முள் ஆடாமல் நிற்கும், ஆனால் அங்கே தோடி இருக்காது.

ஐரோப்பிய இசையில் நடந்தது ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான இசைத்தட்டுகளில், வயலின் கலைஞர்களும் பாடகர்களும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாராளமாக இழைந்து செல்வதைக் கேட்கலாம். போர்ட்டமெண்டோ என்று அவர்கள் அழைத்த அந்தப் பழக்கம், அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ரசனைக் குறைவாகக் கருதப்பட்டுப் பெரிதும் ஒதுக்கப்பட்டது. யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. ஆசிரியர்கள் திருத்தினார்கள், கேட்பவர்கள் முகம் சுளித்தார்கள், மாணவர்கள் விட்டுவிட்டார்கள். மதிப்பெண் தாளில் ஒற்றை வரியாக எழுதப்படும் குறிப்புக்கும் அதே வலிமை உண்டு.

ஆகவே, உங்களிடம் என் வேண்டுகோள் இது. மதிப்பெண் தாளில் 'சுரசுத்தம்' என்ற கட்டத்தோடு 'கமகம்' என்றும் ஒரு கட்டம் வையுங்கள். ஒரு பிடியை (ராகத்துக்கு அடையாளமான சுரத்தொடரை) ராகத்தின் இயல்பு கெடாமல் கொண்டுசேர்த்த பிள்ளைக்கு அதில் மதிப்பெண் கொடுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம், நான்கு நிமிடம் என்ற எல்லையைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அந்த நேரத்துக்குள் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்ற நெருக்கடியில் பிள்ளைகள் துரித காலப் பாட்டுகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு ஜாரு கிளம்பி, நகர்ந்து, இறங்குவதற்கு விளம்ப (மெதுவான) காலத்தின் இடைவெளி வேண்டும். கருவி இசைப் பிரிவுக்கு அந்தந்தக் கருவியைக் கையாண்டு பழகியவர் ஒருவரேனும் நடுவர் வரிசையில் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். நி, த ஆகியவற்றைத் தனித்தனியாக மீட்ட வேண்டாம், இதுவரை இறங்கியது போலவே இறங்கு, பஞ்சமத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நாதம் மிச்சம் வை என்று சொன்னேன். அடுத்த போட்டிக்கும் அவள் சங்கராபரணத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவாள்.

பணிவுடன்,
ஒரு வீணை ஆசிரியை