கயலுக்கு, மேப்பிங் எடுக்கும் முன்

அன்பு மகள் கயலுக்கு,

உன் மனச்சோர்வுக்காக எடுக்க நினைக்கும் பிரெய்ன் மேப்பிங்கில் என்ன செய்வார்கள், வலிக்குமா, அதற்குப் பிறகு சிகிச்சை என்று சொல்கிறார்களே அதில் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் நீயும் அழுவாய், நானும் அழுவேன். அதனால் எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை நான் மருத்துவமனையில் பார்த்த வேலையே ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைகளைப் பதிவு எடுப்பதுதான். மேப்பிங்குக்கும் அதே பதிவுதான் அடிப்படை. பிறந்த குழந்தையிலிருந்து தொண்ணூறு தாண்டிய தாத்தாக்கள் வரை எத்தனையோ தலைகளில் கம்பி ஒட்டியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் வேலை தெரிந்தவளாகவும் உன்னிடம் பேச முடியும்.

முதலில் பயத்தை விடு. மேப்பிங்கில் உன் தலைக்குள் எதுவும் போகாது. மின்சாரம் கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. மூளை தானாக எழுப்பும் மின்னலைகளைத் தலைத்தோலின் மேலிருந்து பதிவு செய்வார்கள். ஒரு வோல்ட்டை லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்குதான் அந்த அலைகளின் அளவு. அவ்வளவு நுண்ணியதைப் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் இத்தனை ஆயத்தம்.

முந்தின இரவு ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளி. எண்ணெய், கண்டிஷனர் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கம்பிக்கும் தோலுக்கும் நடுவே தொடர்பு சரியாகக் கிடைக்காது, பதிவு முழுக்க இரைச்சலாக வரும். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ. காப்பியை மட்டும் அன்றைக்கு விட்டுவிடு. மாத்திரைகளை நீயாக நிறுத்தாதே, ஒருவேளைகூட. என்னென்ன சாப்பிடுகிறாய் என்று எழுதி எடுத்துப் போ, போதும்.

அங்கே தலைக்கு இறுக்கமான ஒரு துணித் தொப்பி மாட்டுவார்கள். அதில் பெரும்பாலும் 19 இடங்களில் எலெக்ட்ரோடு, அதாவது அலையைப் பிடிக்கும் கம்பிமுனை இருக்கும், காது மடலிலும் மாட்டுவார்கள். ஒவ்வொரு துளையிலும் ஜெல் விடுவார்கள். ஜெல் விடும் குழலைப் பார்த்தால் ஊசி போலத் தெரியும். முனை மழுங்கியது, குத்தாது. தலைத்தோலை லேசாகச் சுரண்டுவார்கள், கொஞ்சம் எரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சில நிமிடம், திறந்துகொண்டு சில நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். வீட்டுக்கு வந்து ஜெல்லைக் கழுவுவதுதான் பெரிய வேலை.

கண்ணை மூடியதும் பின்தலையில் நொடிக்கு 8 முதல் 12 முறை அசையும் ஒரு அலை எழும். ஆல்ஃபா என்று பெயர். ஜெர்மனியில் ஜெனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-இல் மனித மூளையின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-இல்தான் அதை வெளியிட்டார். அவர் பார்த்த அதே அலைதான் உன் தலையிலும் எழும். இத்தனை வருஷம் பார்த்தும் அந்த அலை எழும் நொடி எனக்குச் சலித்ததே இல்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி.

பதிவு முடிந்ததும் கணினி அந்த அலைகளை டெல்ட்டா, தீட்டா, ஆல்ஃபா, பீட்டா என்று வேகப்படி பிரிக்கும். உன் வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் தொகுப்போடு ஒப்பிட்டு, வித்தியாசமான இடங்களுக்குச் சிவப்பும் நீலமும் தீட்டிக் கொடுக்கும். அந்தப் படத்தைக் கையில் வாங்கும்போது மனசு படபடக்கும். "இங்கே பாருங்கள், முன்பக்கம் சிவப்பாக இருக்கிறது" என்று ஒருவர் சுட்டிக் காட்டினால், இத்தனை நாள் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் கிடைத்துவிட்டது என்று நீ நம்பிவிடுவாய். நான் பயப்படுவது அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான்.

சிவப்பு ஏன் வருகிறது தெரியுமா? இரவு சரியாகத் தூங்காதவர் இருட்டு அறையில், சில்லென்ற ஏசியில் கண்ணை மூடி உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சொக்கிப்போவார். சொக்கினால் தீட்டா கூடும். பக்கத்தில் இருக்கும் டெக்னீஷியன் அதைப் பார்த்து எழுப்பாவிட்டால் "மெதுவான அலைகள் அதிகம்" என்று ரிப்போர்ட் வந்துவிடும். பதற்றத்துக்குக் கொடுக்கும் டயசெபாம் வகை மாத்திரைகள் பீட்டாவைக் கூட்டும். பல்லைக் கடித்தால் கன்னப்பொறித் தசையின் மின்சாரம் பீட்டா போலவே பதிவாகும். கண் சிமிட்டினால் முன்பக்கம் பெரிய மேடு எழும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அதற்குப் பொறுமையும் பயிற்சியும் வேண்டும். மூல அலைப்பதிவை யார் பார்த்தார்கள், அவர் நரம்பியல் மருத்துவரா, ஈஈஜி படிக்கப் பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேள்.

இன்னொன்று. 19 இடம், நான்கு வகை அலை என்றால் 76 எண்கள். நூற்றுக்கு ஐந்து வழக்கத்துக்கு வெளியே விழும்படிதான் நிறம் தீட்டும் எல்லையை வைத்திருக்கிறார்கள். முழு ஆரோக்கியமான ஒருத்திக்கும் சராசரியாக மூன்று நான்கு இடம் நிறம் மாறித்தான் வரும். வலிப்பு இருக்கிறதா என்று தேட, மயக்கத்தின் காரணம் பார்க்க, தூக்கத்தை ஆராய ஈஈஜி உயிர் காக்கும் கருவி. உன் மனச்சோர்வை அது கண்டுபிடிக்காது. அதைக் கண்டுபிடிப்பவர் எதிரே உட்கார்ந்து உன் கதையை முழுக்கக் கேட்கும் டாக்டர்தான்.

அப்புறம் சிகிச்சை. மேப்பிங் எடுக்கும் நிலையத்தின் தாளை அனுப்பியிருந்தாயே, அதில் 'நியூரோதெரபி' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள். உள்ளே வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. பிரித்துச் சொல்கிறேன்.

நியூரோஃபீட்பேக் என்றால் மறுபடியும் கம்பி ஒட்டி ஒரு திரைக்கு முன் உட்கார வைப்பார்கள். அலை அவர்கள் விரும்புகிற பக்கம் நகர்ந்தால் படம் தெளிவாக ஓடும், விலகினால் மங்கும். மின்சாரம் உள்ளே போகாது. மூளை தானே பழகிக்கொள்ளும் என்பது எண்ணம். 1960-களில் அமெரிக்காவில் பேரி ஸ்டெர்மன் பூனைகளை இப்படிப் பழக்கியதிலிருந்து வளர்ந்தது இது. அரை மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் 20 முதல் 40 அமர்வு என்பார்கள். முடிந்ததும் அசதி, லேசான தலைவலி வரலாம்.

பலன் உண்டா? அதிகமாக ஆராய்ந்திருப்பது குழந்தைகளின் கவனக்குறைவில்தான். இங்கே சிங்கப்பூரிலேயே 6 முதல் 12 வயது வரையான 172 குழந்தைகளை வைத்து, மூளை அலையால் ஓடும் விளையாட்டைக் கொண்டு ஒரு ஆய்வு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். கவனம் கொஞ்சம் கூடியது. ஆனால் ஒப்பிட்டது, முறை வருவதற்காகக் காத்திருந்த குழந்தைகளோடு. அமெரிக்காவில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பொய்யான பயிற்சி கொடுத்து, யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்தபோது இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியது. 2024-இல் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் கூட்டாகப் பெரிய பலன் தெரியவில்லை என்றுதான் எழுதினார்கள். மனச்சோர்வுக்கோ சான்று இதைவிடக் குறைவு. ஒருவர் வாரா வாரம் உன்னோடு உட்கார்ந்து அக்கறையாகப் பேசுவதே மனசுக்கு இதம்தான், அதை மறுக்கவில்லை. அதற்காக 40 அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொல்வது எனக்குச் சம்மதம் இல்லை. நீ ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இரவு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு அது.

உன் டாக்டர் அங்கே சொன்ன டிஎம்எஸ் என்ற காந்தத் தூண்டல் சிகிச்சை வேறு. அதில் உண்மையிலேயே மூளைக்குள் ஒன்று போகிறது. தலைக்கு மேல் ஒரு சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுப்பார்கள், அது நெற்றிக்குப் பின்னால் இடப்பக்கம் ஒரு சின்ன இடத்து நரம்பணுக்களைத் தூண்டும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பார்க்கரும் கூட்டாளிகளும் செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் 2008-இல் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. இங்கே புவாங்கோக்கில் மனநலக் கழகத்தில் கொடுக்கிறார்கள்.

முதல் நாள் உன் கட்டைவிரல் துடிக்கும்வரை அளவை ஏற்றிப் பார்ப்பார்கள். விரல் தானாக அசைவதைப் பார்க்க விநோதமாக இருக்கும், பயப்படாதே. உனக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அப்படித்தான் கணக்கிடுவார்கள். சத்தம் மரங்கொத்தி கொத்துவது போல டக் டக்கென்று கேட்கும், காதுக்கு அடைப்பு கொடுப்பார்கள். தோடு, ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். மயக்க மருந்து இல்லை, முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம். வழக்கமான முறையில் 20 முதல் 40 நிமிடம் ஆகும், புதிய முறை ஒன்று 3 நிமிடத்தில் முடிகிறது. முதல் வாரம் தலைவலியும் தலைத்தோலில் நோவும் இருக்கும். வலிப்பு வருவது மிக அரிது. தலைக்குள் உலோகமோ, காதுக்குள் வைத்த கருவியோ, முன்பு வலிப்போ இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். உனக்கு நாலு வயதில் காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்தது, அதையும் சொல்.

மாத்திரையில் குணம் தெரியாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்கிறார்கள். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரம் போகும். நடுவில் "எனக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்று தோன்றும். அந்த நாட்களில் விட்டுவிடாதே.

வாரத்துக்கு ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம். டிசம்பரில் நீ வரும் இரண்டு வார லீவில் இது நடக்காது. ஆஸ்திரேலியாவில் 2021 நவம்பர் முதல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தருகிறது. இரண்டு வகை மாத்திரை போதிய அளவு சாப்பிட்டும், பேச்சுச் சிகிச்சை எடுத்தும் தேறாதவர்களுக்கு முதல் சுற்றில் 35 அமர்வு வரை. நீ அங்கே நிரந்தரவாசி, உன்னை இரண்டு வருஷமாகப் பார்க்கும் டாக்டரும் அங்கேதான். அதனால் அங்கேயே செய்துகொள். நான் வந்து உன்னோடு தங்குகிறேன். காலையில் கூடவே வருகிறேன், மத்தியானம் ரசம் வைக்கிறேன், நீ பேச வேண்டாம் என்றால் பேசாமல் இருக்கிறேன்.

டிசம்பரில் வரும்போது இங்கே மேப்பிங் எடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் எடு, தடுக்க மாட்டேன். ஆனால் முதல் நாளே பேக்கேஜில் கையெழுத்துப் போடாதே. மூலப் பதிவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வா, நாம் இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

பெரியம்மா வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று கவலைப்பட்டாய். சிகிச்சை எடுக்கிறாள் என்று சொல்வேன். அதில் மறைக்க எதுவும் இல்லை. அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

இரவில் மனசு தாங்காமல் போனால் உடனே கூப்பிடு. பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், எந்த மணிக்கும் எடுப்பேன். நான் எடுக்கத் தாமதமானால் அங்கேயுள்ள லைஃப்லைன் உதவி எண் 13 11 14.

டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது டிஎம்எஸ் எப்போது தொடங்கலாம் என்று தேதி கேட்டுச் சொல். தம்பி தேசிய சேவையில் முகாமிலிருந்து வெள்ளிக்கிழமை இரவுதான் வருவான், அவனை வைத்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா